கொசு மருந்துக்கான பணம் யார் கணக்கில் இருக்கிறது?

திருமங்கலத்தை அடுத்த ஓர் ஊராட்சியில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. அவர் தெருவில் அடுத்தடுத்து மூன்று பேருக்கு டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் புகை மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்களாம். முன்கூட்டியே ஏன் வரவில்லை என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டால், "அது சுகாதாரத் துறை வேலை" என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், "ஆள் போட வேண்டியது பஞ்சாயத்து" என்கிறார்கள். இவற்றில் எது உண்மை, தொற்றுநோய்த் தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது, மருத்துவக் காப்பீடு இருக்கும்போது இந்தச் செலவு தேவைதானா என்பவை அவருடைய கேள்விகள்.

இருவர் சொன்னதும் உண்மை, சிக்கலே அதுதான். மதுரை மாவட்டத்தின் கிராமப்புற ஒன்றியங்களில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை நான் கேட்டும் இருக்கிறேன், இதற்குச் சரியான பதில் சொல்லாமல் நழுவியும் இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரமும் துப்புரவும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 1992-இன் 73, 74ஆம் திருத்தங்களுக்குப் பிறகு இவையே ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையிலும் நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், நோய் பரவாமல் தடுக்கும் கடமையை உள்ளாட்சியின் தலையில் வைத்து, அதற்கான பணத்தையும் தன் வருமானத்திலிருந்து அது எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதே சமயம், 1922-இல் தொடங்கப்பட்ட பொது சுகாதாரத் துறை, பெரிய மருத்துவமனைகளை நடத்தும் துறைகளிலிருந்து தனித்து, தனக்கென்று ஓர் இயக்குநரகமும் தனக்கென்று நிதி ஒதுக்கீடும் வைத்துக்கொண்டு இயங்கி வருகிறது. இப்படி ஒரு வேலைக்கு இரண்டு எசமானர்கள் வாய்த்துவிட்டார்கள். இதை முழுக்கக் குறை என்று சொல்ல மாட்டேன். தடுப்புக்கான பணம் தனிப் பெட்டியில் இருப்பது பெரிய பாதுகாப்பு. மருத்துவமனையும் தடுப்பும் ஒரே பெட்டியிலிருந்து பணம் எடுத்தால் எப்போதும் மருத்துவமனைதான் வெல்லும்; படுக்கை இல்லாமல் வராந்தாவில் கிடக்கும் நோயாளி எல்லார் கண்ணிலும் படுவார், வராமல் போன காய்ச்சல் யார் கண்ணிலும் படாது.

இனி பணம் வரும் வழி. மாநில நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மானியக் கோரிக்கை, அதாவது ஒரு துறையின் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் பகுதி, எண் 19. அதில் 2210 என்ற பெருந்தலைப்பின் கீழ் பொது சுகாதாரத்துக்கு ஓர் உட்பிரிவும், அதற்குள் நோய்த் தடுப்புக்குத் தனிச் சிறுதலைப்பும் உண்டு. சுகாதார ஆய்வாளரின் சம்பளம், கிராம சுகாதாரச் செவிலியரின் சம்பளம், மாவட்ட அலுவலகச் செலவு எல்லாம் பெரும்பாலும் இந்தக் கோரிக்கைக்குள் வருபவை. தேசிய சுகாதாரக் குழுமத்தின் பணம் இதனோடு சேர்கிறது. அதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளை மத்திய அரசே வாங்கி அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டில் உள்ளூரில் பணச் சண்டைக்கு இடமே இல்லை என்பதை அன்பர் கவனிக்க வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்றால் அது புதன்கிழமை நடக்கிறது.

கொசுவும் குடிநீரும் அப்படியில்லை. அவற்றுக்கான பணத்தின் பெரும்பகுதி ஊரக வளர்ச்சித் துறையின் வழியாகவும் நகராட்சி நிருவாகத் துறையின் வழியாகவும், அதாவது கோரிக்கை எண் 42, 34 ஆகியவற்றின் வழியாக, உள்ளாட்சிக்கு வந்து சேருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் தனியாக வருகிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் ஊராட்சிகளுக்குத் தந்ததில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டது. வீட்டு வரியும் சேர்ந்தால் ஊராட்சியின் கை முழுதாகிறது. இதில் தெருவிளக்குக்கும் மோட்டாருக்குமான மின்கட்டணம் முதலில் போய்விடும். மீதியில்தான் துப்புரவு, பிளீச்சிங் பவுடர், கொசுப் பணியாளர் கூலி எல்லாம்.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வருகிறவர்களை ஊரில் மஸ்தூர் என்றும் டி.பி.சி. என்றும் அழைப்பார்கள். என் காலத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று சொல்வதும், அவர்கள் பார்த்த வீட்டை மறுபடி பார்த்துச் சரிபார்ப்பதும் சுகாதார ஆய்வாளராகிய என் பொறுப்பு. அவர்களுடைய நாள்கூலி ஒன்றியம், ஊராட்சி வழியாக வர வேண்டும். வேலை வாங்குகிறவன் ஒரு துறை, கூலி கொடுக்கிறவன் இன்னொரு துறை. நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் மூன்று மாதம் கூலி வராமல் போனது. பட்டியல் எங்கோ கையெழுத்துக்கு நின்றது. முதல் மாதம் பொறுத்தார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேர் நெல் அறுவடைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் மாதம் மழை வந்தது, காய்ச்சலும் வந்தது, அப்போது ஒரே வாரத்தில் பணம் வந்தது.

அந்தப் பணியாளர்கள் ஒரு வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு முறை கூடவே போய்ப் பார்த்தால்தான் இந்தக் கூலி எதற்கு என்று விளங்கும். வாசலில் நின்று, "தொட்டியைப் பார்க்கணும்க்கா" என்று கேட்டு உள்ளே போவார்கள். சிமெண்டுத் தொட்டியில் டார்ச் அடித்தால், நீந்துகிற புழு வெளிச்சத்துக்குப் பயந்து நெளிந்து அடிக்குப் போகும், அதுதான் அடையாளம். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மாடியில் போட்ட பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை 20 மில்லி எடுத்து 10 லிட்டர் தண்ணீரில் கலந்து வைத்திருப்பார்கள். அந்தக் கலவையில் 50 மில்லி எடுத்து 50 லிட்டர் தண்ணீருக்கு ஊற்றுவது கணக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை அந்த வீட்டைப் பார்த்தால்தான் சுழற்சி அறும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் பார்க்காததற்குச் சமம். ஒருவர் நாளைக்கு ஐம்பது வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு முந்நூறு வீடு. தொள்ளாயிரம் வீடுள்ள ஊராட்சிக்கு மூன்று பேர், ஆண்டு முழுக்க வேண்டும். முட்டையோ தண்ணீர் இல்லாத தொட்டியின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும் என்பதால் கோடையிலும் இந்த வேலை ஓயாது.

இதற்குப் பக்கத்தில் புகை மருந்தை வைத்துப் பாருங்கள். அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், அதுவும் அந்த நேரத்தில் அந்தப் புகை பட்டதை மட்டும். தொட்டியில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது; அடுத்த வாரம் புதுக் கொசு கிளம்பும். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி, வைரஸைச் சுமக்கும் கொசுவை உடனே குறைப்பதற்கு அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மற்ற நேரத்தில் அது பெரும்பாலும் மக்களின் கோபத்தைத் தணிக்கும் புகை. மதுரை நகரத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பந்தல்குடி வாய்க்காலும் கிருதுமால் நதியும் சாக்கடையாக ஓடும் பகுதிகளில் இரவெல்லாம் கடிப்பது கியூலெக்ஸ் கொசு. மாநகராட்சிக்குப் புகார் குவிவது இதைப் பற்றித்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், ஒன்று விட்டு ஒரு நாள் வரும் தண்ணீருக்காக நாம் வீட்டில் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் பிறந்து, பகலில் கடிக்கிறது. இதைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. புகார் இருக்கும் பக்கமே பணம் சாய்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீர் நாள்தோறும் குழாயில் வந்தால் தொட்டியும் குடமும் டிரம்மும் குறையும். ஆகவே குடிநீர்த் திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் டெங்குத் தடுப்பில் சேர்த்து எண்ணத் தக்கது, எந்தக் கணக்கிலும் அப்படி எண்ணப்படாவிட்டாலும். கொசுவைப் பற்றிய அறிவுக்கு மதுரையில் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் மையம் 1985 முதல் இங்கேதான் செயல்பட்டு வந்தது, பின்னர் அது புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்தோடு இணைக்கப்பட்டது. வாரந்தோறும் படியேறிப் போகும் கால்களுக்குத்தான் பஞ்சம்.

சிறிய தொகைகளின் கதை ஒன்று. கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் இருக்கிறது. தங்கள் ஊரிலும் காகிதத்தில் நிச்சயம் இருக்கும். தேசிய சுகாதாரக் குழுமம் இதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறது. இன்ன செலவுக்கு என்று கட்டிப்போடாத பணம் இது. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுக்கலாம். மாதத்துக்குக் கணக்கிட்டால் 833 ரூபாய். ஓர் ஆளுக்கு நாள்கூலி கொடுத்து வைத்தால் ஒரு மாதத்தைத் தாண்டாது. ஆனால் தேங்கிய வாய்க்காலை அன்றைக்கே வெட்டிவிட, குளோரின் பார்க்கும் சாதனத்துக்கு மருந்துச் சொட்டு வாங்க, காய்ச்சல் முகாமுக்கு ஆட்டோ பிடிக்க இதைவிட உதவும் பணம் எதுவும் இல்லை. யாரிடமும் மேலே கேட்க வேண்டாம் என்பதுதான் இதன் மதிப்பு. இதே காலத்தில் பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய மானியம் 70,051 கோடி ரூபாய். துணை சுகாதார நிலையக் கட்டடம், வட்டாரப் பொது சுகாதார அலகு, ஆய்வகக் கருவி, நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று அது போனது. தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூன் 6 அன்று 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் மருத்துவர், செவிலியரோடு ஒரு சுகாதார ஆய்வாளர் இருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம். பொதுவாகவே கட்டடத்துக்குப் பணம் கேட்பது எளிது, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கலாம். மஸ்தூரின் பதினோராவது மாதக் கூலிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2012-இல் டெங்குவால் பாதிக்கப்பட்டோர் என்று அரசுக் கணக்கில் பதிவானவர்கள் 12,826 பேர். இறந்தவர்கள் 66 பேர். 2017-இல் 23,294 பேர் பாதிக்கப்பட்டார்கள். 65 பேர் இறந்தார்கள். இந்த இரண்டாவது ஆண்டில் ஊராட்சிகளிலும் நகரங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவும் இல்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மதுரை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதி ஆணைய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு காய்ச்சல் ஏறியதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மழை, வைரஸின் வகை என்று பல உண்டு. ஆனால் நாள்கூலிக்கு ஆள் வைக்க வேண்டிய நேரத்தில் பணமும் இல்லை, "எங்க தெருவுக்கு ஏன்டா வரல" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை என்பதைக் களத்தில் நின்று பார்த்தேன். மதுரை மாவட்டத்தின் 420 ஊராட்சிகளுக்கும் பதவிக்காலம் மறுபடி 2025 ஜனவரியில் முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

பணத்தின் அளவைவிட அது வரும் மாதமே பெரிய சிக்கல் என்பது என் முடிவு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. காய்ச்சல் ஏறுவது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஆள் வைக்க வேண்டியது ஆனியிலும் ஆடியிலும். நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்கி, கோரிக்கை நிறைவேறி, ஆணை வெளியாகி, மாவட்டத்துக்கு வந்து, ஒன்றியத்துக்குப் பிரிந்து சேரும்போது கண்மாய் பாதி நிரம்பியிருக்கும். சித்திரைத் திருவிழாவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கானோர் வைகைக்குள்ளும் கரையிலும் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் திருவிழா என்றால் காலரா என்று பயந்த ஊர்கள் உண்டு. 1939 சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனிப் பகுதி வைத்ததற்கு அதுதான் காரணம். இன்றைக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆட்சியர் கூட்டம் போடுகிறார், எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு யார் குளோரின் போடுவது, எந்தக் கடையை யார் பார்ப்பது என்று பெயர் போட்டுப் பிரிக்கிறார்கள், பக்கத்து ஒன்றியங்களிலிருந்து எங்களை அழைத்துக்கொள்கிறார்கள். பணம் எந்தத் துறையுடையது என்று அப்போது யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, ஏனென்றால் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது.

காப்பீடு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை படுக்கையில் படுத்த பிறகு உதவும். படுக்காமல் இருப்பதற்கு அது ஒன்றும் செய்யாது. என் வீட்டுத் தொட்டியை நான் பிரஷ் போட்டுத் தேய்த்து வைத்தாலும் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து கொசு வந்து என் பேத்தியைக் கடிக்கும். தனி ஆள் காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் இது. பொதுப் பணம் வேண்டியிருப்பது அதனால்தான்.

அன்பர் இனிச் செய்யக் கூடியது என்ன? கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டெங்குவைப் பற்றி அக்டோபர் 2 அன்று பேசுவது காலம் கடந்த பேச்சு. மே 1 கூட்டத்துக்குப் போங்கள். "கொசு ஒழிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று தீர்மானம் போடாதீர்கள், அது எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் போடப்படுகிறது. ஜூன் முதல் ஜனவரி வரை எத்தனை பணியாளர், அவர்கள் கூலி எந்தக் கணக்கிலிருந்து, மாதத்தின் எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள். கிராம சுகாதாரக் குழுவின் 10,000 ரூபாய் சென்ற ஆண்டு வந்ததா, எதற்குச் செலவானது என்று செவிலியரும் செயலரும் ஒரே இடத்தில் இருக்கும்போது கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் மறுபடி அதே பதில்தான் வரும். வாய்மொழியில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. தங்கள் தொட்டி 30,000 லிட்டர் என்றால் 120 கிராம், அதாவது ஒரு டம்ளருக்குச் சற்று அதிகம். பிரித்த மூட்டையை மோட்டார் அறையில் வாய் கட்டாமல் வைத்தால் இரண்டொரு மாதத்தில் வீரியம் போய், வெறும் சுண்ணாம்பைப் போடுவது போல் ஆகிவிடும். அதற்குக் கொடுத்த பணமும் காற்றோடு போகும். தொட்டி ஆபரேட்டரையோ சுகாதார ஆய்வாளரையோ தங்கள் தெருவின் கடைசிக் குழாய்க்கு அழைத்து வந்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் வர வேண்டும், அங்கே லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது நிற்க வேண்டும். நிறம் வராவிட்டால் அன்று மாலையே மூட்டையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், எந்த மாதம் வாங்கியது என்றும் கேளுங்கள்.